மிடியாக மாற்றும் மென்பொருளின் திரையில் என் அப்பாயியின் கும்மி: இந்தக் கோடுகளை எப்படிப் படிப்பது?

மஸ்கெலியா மகள் (கேள்வி):

வணக்கம். நான் இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இப்போது ஹட்டன் பக்கத்தில் சிறிய பாடசாலையொன்றில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். முறையாகச் சங்கீதம் படித்தவள் அல்ல.

என்னிடம் ஒரு கேசட் இருக்கிறது. 1996ஆம் ஆண்டு எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் என் அப்பாயி கும்மி எடுத்துக் கொடுக்க, லயத்துப் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) பெண்கள் வட்டமாக நின்று கைகொட்டி வாங்கிப் பாடினார்கள். எங்கள் லயத்துக்கு அப்போது மின்சாரம் வரவில்லை. சித்தப்பா நான்கு தடித்த பற்றரி போடும் ரெக்கோடரைக் கோயில் திண்ணையில் வைத்துப் பதிந்தார். பூசை மணியின் சத்தத்தோடு பதிவு தொடங்குகிறது. இருபத்திரண்டு நிமிடம் கழித்து இன்னொரு மணிச் சத்தத்தோடு முடிகிறது. அப்பாயி இப்போது இல்லை. அந்தக் கும்மியை முழுதாகப் பாடக்கூடியவர்கள் எங்கள் மலையில் இரண்டு பேர்தான். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. அடுத்த தவணைக் கலைவிழாவில் என் வகுப்புப் பெண்பிள்ளைகள் அதை ஆடிப் பாட வேண்டும் என்பது என் ஆசை. அதற்குச் சுரம் எழுதிக்கொள்ள வேண்டும்.

கேசட்டை மின்சாரத்தில் ஓடும் பழைய டெக் ஒன்றில் போட்டு, வயர் மூலம் மடிக்கணினியில் பதிந்தேன். பிறகு பாட்டை மிடியாக (MIDI), அதாவது எந்தச் சுரம் எப்போது ஒலித்தது என்ற எண் குறிப்பாக, மாற்றும் இலவச மென்பொருளில் ஏற்றினேன். திரையில் வந்ததைப் பார்த்துத் திகைத்துவிட்டேன். இடப்பக்கம் பியானோக் கட்டைகள் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றுக்கு நேராகக் குறுக்கே பச்சைப் பட்டைகள், சில அடர்த்தியாக, சில மங்கலாக. பட்டையைத் தொட்டால் ஓர் எண்ணும், அதற்குப் பக்கத்தில் +20, -15 என்று இன்னோர் எண்ணும் வருகின்றன. அடியில் குச்சி குச்சியாக ஒரு வரிசை. மேலே 1:2:240 போல ஏதோ ஓடுகிறது.

என்னைக் குழப்புபவை இவை. அடிப்பகுதியில் மூன்று நீண்ட பட்டைகள் தொடக்கம் முதல் முடிவு வரை அறுபடாமல் போகின்றன. யாரும் அப்படிப் பாடவில்லை. தொட்டுப் பார்த்தால் 31 +35, 43 +35, 50 +37 என்கின்றன. அப்பாயி இழுத்துப் பாடும் இடங்களில் ஒரு பட்டை வரவேண்டிய இடத்தில் ஏழெட்டுத் துண்டுகள் வருகின்றன. நடுவில் சில துண்டுகள் திடீரென மேலே குதித்துக் கீழே வருகின்றன. இவை எல்லாவற்றையும்விட என் மனதை அரிப்பது வேறொன்று. பதிவின் தொடக்கப் பகுதியில் பாட்டின் ஒவ்வோர் அடியும் 57இல் வந்து இறங்குகிறது. பதிவின் கடைசிப் பகுதியில் 58இல் இறங்குகிறது. பாட்டைக் கேட்ட இசை தெரிந்த உறவினர் ஒருவரும் அதையே சொன்னார்: “ஆச்சிக்குச் சுருதி நிற்கவில்லை.” அப்பாயி கொழுந்து எடுக்கும்போது பாடினால் பக்கத்து மலையில் நிற்பவர்கள் அதே சுருதியில் சேர்ந்துகொள்வார்கள் என்று அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். திரை சொல்வதை நம்புவதா, அப்பா சொன்னதை நம்புவதா?


கண்டி ஒலிப்பதிவாளன்:

வணக்கம் டீச்சர். நீங்கள் எண்களை அப்படியே எழுதியது பெரிய உதவி. யாரும் பாடாத அந்த மூன்று பட்டைகளிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அவை சொல்லும் செய்தி மிகத் தெளிவானது.

மிடியில் ஒவ்வொரு சுரத்துக்கும் 0 முதல் 127 வரை ஓர் எண் உண்டு. 69 என்பது வினாடிக்கு 440 அதிர்வு. பன்னிரண்டு எண் கீழே இறங்கினால் அதிர்வு பாதியாகும். ஆகவே உங்கள் அப்பாயி இறங்கும் 57 என்பது 220. எண்ணுக்குப் பக்கத்தில் வரும் +35 என்பது சென்ட் கணக்கு. ஓர் அரைச்சுரத்தை, அதாவது ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையிலான தூரத்தை, நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு சென்ட். இப்போது 31ஐப் பாருங்கள். அதன் அதிர்வு 49. அதற்கு மேல் 35 சென்ட் ஏறினால் மிகச் சரியாக 50 வருகிறது. இலங்கையின் மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலையும் மின்சாரம். 43 +35 என்பது 100, 50 +37 என்பது 150. அதாவது திரையின் அடியில் ஓடுவது மின்கம்பியின் உறுமல். மென்பொருளுக்கு அதுவும் ஒரு குரல்தான். மனிதர் பாடியதா மின்சாரம் பாடியதா என்று அது கேட்பதில்லை.

உங்கள் கோயிலில் மின்சாரமே இல்லை என்கிறீர்கள். ஆகவே உறுமல் கேசட்டில் இல்லை, நீங்கள் கணினிக்கு மாற்றிய நேரத்தில் வந்து சேர்ந்தது. சோதிக்க வழி உண்டு: கேசட்டை நிறுத்திவிட்டு, கணினியில் புதிதாகப் பதிவதை மட்டும் ஓடவிடுங்கள். பட்டைகள் அப்போதும் வந்தால் குற்றம் வயரிலும் சார்ஜரிலும். சார்ஜரைக் கழற்றிவிட்டு மடிக்கணினியை அதன் பற்றரியில் ஓட்டினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். மிஞ்சுவதை, மென்பொருளில் மிகத் தாழ்ந்த சுரம் எது என்று குறிக்கும் இடத்தில் 52 என்று கொடுத்து ஒதுக்கிவிடலாம்.

மேலே குதிக்கும் துண்டுகளுக்கும் இதே கணக்குத்தான். 31, 43, 50 ஆகியவற்றுக்கு இடையிலான தூரத்தைப் பாருங்கள்: முதலாவதிலிருந்து 12, 19. எந்தக் குரலுக்குள்ளும் அடிப்படை அதிர்வோடு அதன் இரு மடங்கும் மும்மடங்கும் நான்கு மடங்கும் சேர்ந்தே ஒலிக்கும். அவை திரையில் 12, 19, 24 படிகள் மேலே நிற்கும். “ஆ”, “ஏ” என்று வாய் திறக்கும் விதத்தைப் பொறுத்து இரண்டாம் மடங்கு வலுத்துவிட்டால், மென்பொருள் 57ஐ விட்டுவிட்டு 69ஐப் பிடித்துக்கொள்ளும். ஆகவே குதித்த துண்டு சரியாக 12 அல்லது 19 படி மேலே இருந்தால் பயப்படாமல் கீழே இழுத்துவிடுங்கள். 3, 4, 5 படி என்றால் தொடாதீர்கள். அது அப்பாயி பாடியதாகவே இருக்கக்கூடும்.

அடர்த்தியும் மங்கலும் எல்லா மென்பொருளிலும் ஒரே பொருள் தருவதில்லை. சிலவற்றில் அது சத்தத்தின் அளவு. அடியில் நிற்கும் குச்சிகளும் அதையே காட்டும். சிலவற்றில் அது மென்பொருளுக்கு உள்ள உறுதி, “இங்கே ஒரு சுரம் இருக்கிறது என்று நினைக்கிறேன்” என்பதன் அளவு. உங்களுடையது எந்த வகை என்று அறிய, ஒரே சுரத்தை ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை உரக்கவும் நீங்களே பாடி ஏற்றிப் பாருங்கள்.

57க்கும் 58க்கும் வருகிறேன். கவனியுங்கள், கீழே ஓடும் உறுமல் இருபத்திரண்டு நிமிடமும் அசையவில்லை. அதற்கு மேலே பாட்டு மட்டும் ஏறுகிறது. எனக்கு உங்கள் சித்தப்பாவின் பற்றரி மேல் சந்தேகம். பற்றரி இறங்க இறங்க ரெக்கோடரின் மோட்டார் மெதுவாகும். மெதுவாக ஓடும் டேப்பில் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓடவிட்டால் குரல் மேலே ஏறிக் கேட்கும்.


தலவாக்கலை பாட்டு வாத்தியார்:

மகளே, உங்கள் முயற்சிக்கு என் மனமார்ந்த வாழ்த்து. தம்பி சொன்ன உறுமல் கணக்கு எனக்குப் புதிது. அதை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஆனால் கடைசிப் பத்தியில் அவசரம் இருக்கிறது.

சுருதிப்பெட்டி இல்லாமல் பாடுகிறவர்கள் ஏறுவதும் இறங்குவதும் உலக வழக்கம். அதிலும் கும்மி சூடு பிடிக்கும் ஆட்டம். கால் வேகம் கூடக் கூடக் கைகொட்டும் வேகம் கூடும், அதோடு குரலும் ஏறும். நாற்பது பெண்கள் சேர்ந்து அரைச்சுரம் ஏறிப் பாடியதை நானே எத்தனையோ திருவிழாக்களில் கேட்டிருக்கிறேன். அது குறையும் அல்ல. ஆகவே குரலை வைத்து டேப்பைச் சோதிக்க முடியாது. வேகத்தை வைத்தும் முடியாது, கும்மி இயல்பாகவே வேகமெடுக்கும். மனிதரின் மனநிலைக்கு ஆட்படாத ஏதாவது அந்தப் பதிவில் இருக்க வேண்டும்.

திரையைப் பற்றி நான் சொல்லக்கூடியது வேறு. ஏழெட்டுத் துண்டுகளாக வருகிறது என்று வருந்துகிறீர்களே, அந்தத் துண்டுகளில்தான் பாட்டு இருக்கிறது. பியானோக் கட்டைகளுக்கு நடுவில் இடமில்லை. நம் பாட்டின் உயிரோ கட்டைகளுக்கு நடுவில்தான். 57இலிருந்து 60க்கு வழுக்கிப் போகும் குரலைப் படிக்கட்டாக்கிக் காட்ட மென்பொருள் படும் பாடு அது. பட்டைக்கு மேலோ கீழோ மெல்லிய வளைகோடு ஒன்றைக் காட்டும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். குரல் உண்மையில் நடந்த பாதை அதுதான். சுரம் எழுதும்போது அந்தக் கோட்டைப் பார்த்து எழுதுங்கள். பட்டை உங்களுக்குத் துணை மட்டும்.

எல்லாப் பட்டைகளையும் கோடுகளோடு ஒட்டி நேராக்கும் பொத்தான் ஒன்று இருக்கும். தயவுசெய்து அதை அழுத்தாதீர்கள். திரையில் நிற்கும் செங்குத்துக் கோடுகள் உங்கள் பாட்டைக் கேட்டுப் போட்டவை அல்ல. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் நிமிடத்துக்கு 120 அடி, நான்கு நான்காகப் பிரிவு என்று பெரும்பாலான மென்பொருள்கள் தாமாகவே வைத்துக்கொள்ளும். 1:2:240 என்பது முதலாம் பகுதி, இரண்டாம் அடி, அந்த அடிக்குள் 240ஆம் புள்ளி. ஓர் அடிக்கு 480 புள்ளி என்றால் அது பாதி அடி. உங்கள் கும்மி திஸ்ரமாகத்தான் இருக்கும், தகிட தகிட என்று மூன்று மூன்றாக. அதை நான்கின் சட்டத்தில் நேராக்கினால் கும்மி செத்துவிடும். முதலில் கைகொட்டும் இடங்களை எண்ணி, அதற்கேற்ற வேகத்தைக் கொடுத்து, மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள். கைகொட்டு விழும் இடமெல்லாம் பட்டை வெட்டுப்பட்டிருக்கும். கொட்டும் சத்தத்தைப் புதிய சுரத்தின் தொடக்கம் என்று மென்பொருள் எண்ணிவிடும். அத்தகைய வெட்டுகளை மட்டும் ஒட்டுங்கள்.


பதுளை வாசகர்:

ஒரு சிறு எச்சரிக்கை மட்டும். எண்ணைப் பாருங்கள், பெயரைப் பார்க்காதீர்கள். 60ஐச் சில மென்பொருள்கள் சி4 என்கின்றன, வேறு சில சி3 என்கின்றன. இரண்டும் ஒரே கட்டைதான். பாடசாலை கீபோர்டில் பெயரைப் பார்த்து வாசித்து ஒரு ஸ்தாயி மாறிப்போய் ஒரு மாலை முழுவதும் வீணாக்கியிருக்கிறேன். இன்னொன்று, வளைகோட்டோடு மிடியைச் சேமித்தால் கீபோர்டின் வளைவு எல்லை (ஒரு சுரத்தை எவ்வளவு தூரம் வளைக்கலாம் என்ற அளவு, pitch bend range) இரண்டு அரைச்சுரமா என்று பாருங்கள். மென்பொருள் நினைத்த எல்லை வேறு, கருவியின் எல்லை வேறு என்றால் ஒவ்வோர் இழுப்பும் தவறான இடத்தில் போய் நிற்கும்.


மஸ்கெலியா மகள்:

மூவருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா சொன்ன “மனநிலைக்கு ஆட்படாத ஏதாவது” என்ற சொல் இரவெல்லாம் தூங்கவிடவில்லை. விடியற்காலையில்தான் உறைத்தது: மணி. பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் அதே கோயில் மணி ஒலிக்கிறது.

திரையில் போய்ப் பார்த்தேன். ஆனால் ஒரு மணி அடிக்கு நான்கைந்து பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கின்றன. அவற்றின் தூரம் 12, 19 என்ற கணக்கிலும் வரவில்லை. எதை எடுப்பது?


கண்டி ஒலிப்பதிவாளன்:

டீச்சர், அருமை. வாத்தியார் ஐயா என்னைத் திருத்தியதும் சரிதான். நான் பற்றரியை முடிவாகவே சொல்லிவிட்டேன்.

மணியின் ஒலி குரலைப் போல இரு மடங்கு, மும்மடங்கு என்று ஒழுங்காக அடுக்கப்பட்டதல்ல. வெண்கலம் ஒரே நேரத்தில் பல விதமாக அதிரும். அதனால் திரையில் தொடர்பில்லாத பட்டைகள் எழும். அடித்தவுடன் தோன்றி மறைபவற்றை விட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் பிறகு எந்தப் பட்டை நீண்டு நிற்கிறதோ அதை மட்டும் எடுங்கள். தொடக்க மணியிலும் முடிவு மணியிலும் அதே பட்டையை ஒப்பிடுங்கள்.

ஆனால் அதற்கு முன் இன்னொரு சோதனை. டெக் சூடேறி வேகம் மாறியிருந்தாலும் இதே ஏற்றம் வரும். டெக்கை ஆறவிட்டு, கேசட்டின் கடைசி மூன்று நிமிடத்தை முதலில் ஓட்டிப் பதியுங்கள். அப்போதும் முடிவு மணி உயரத்திலேயே நின்றால் டெக் குற்றமற்றது. அந்த மணி இன்னும் கோயிலில் தொங்கினால் அதையும் தொலைபேசியில் பதிந்து வாருங்கள். அது மூன்றாவது சாட்சி.


மஸ்கெலியா மகள்:

சனிக்கிழமை போய் வந்தேன். ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாக மஸ்கெலியா பஸ், அங்கிருந்து ஓட்டோ. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் முழுவதும் மூடுபனி, எதிர்க்கரை தெரியவில்லை.

கோயிலைப் பார்த்ததும் நெஞ்சு அடைத்தது. இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். புதிய மணி, சுவிட்சைப் போட்டால் தானாக மேளமும் மணியும் அடிக்கும் இயந்திரம். பழைய மணி எங்கே என்று பூசாரியிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு வந்துகொண்டிருந்த ஓர் அக்காதான், “முனியாண்டிக்குக் கொடுத்துட்டாங்க தங்கச்சி” என்றார். கவ்வாத்து வெட்டிய மலை வழியாக ஏறினேன். ஆலமரத்தடியில், சூலங்களுக்குப் பக்கத்தில், அதே மணி. விளிம்பில் அப்பா சின்ன வயதில் காட்டிய உடைந்த மூலை அப்படியே இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு முனியாண்டியைக் கும்பிட்டு, ஐந்து முறை அடித்துப் பதிந்தேன். மழை பிடிப்பதற்குள் இறங்கிவிட்டேன்.

இவைதாம் எண்கள். மரத்தடி மணியின் நீண்டு நிற்கும் பட்டை 75 +20. கேசட்டின் தொடக்க மணி 75 +22. முடிவு மணி 76 +15. டெக்கை ஆறவிட்டு முடிவை மட்டும் தனியாக ஓட்டிப் பதிந்தபோதும் 76 +15. சார்ஜரைக் கழற்றியதும் உறுமல் பட்டைகளில் இரண்டு மறைந்துவிட்டன. ஒன்று மட்டும் மிக மங்கலாக நிற்கிறது.


கண்டி ஒலிப்பதிவாளன்:

75 +20 இருக்க வேண்டியது 76 +15இல் நிற்கிறது. 95 சென்ட் வித்தியாசம். கிட்டத்தட்ட 5.6 சதவீத வேகம். பதிவு முடியும் நேரத்தில் சித்தப்பாவின் ரெக்கோடர் அவ்வளவு தளர்ந்துபோயிருந்தது. அப்பாயியின் 57 கடைசியில் 58ஐத் தொட்டது ஏறக்குறைய அதே தூரம். வெண்கலம் உற்சாகத்தில் சுருதி ஏறாது, டீச்சர்.

கடைசிப் பகுதியின் வேகத்தை 94.7 சதவீதமாகக் குறையுங்கள். வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் வசதியைத்தான் எடுக்க வேண்டும். சுருதியை மட்டும் மாற்றும் வசதியை எடுத்தால் பாட்டின் நடை பழைய வேகத்திலேயே ஓடும். மூன்று நிமிடப் பகுதி மூன்று நிமிடம் பத்து வினாடியாக நீண்டால் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று பொருள்.


தலவாக்கலை பாட்டு வாத்தியார்:

மகளே, மணியை எடுத்துக்கொண்டு சாட்சி சொல்ல வைத்துவிட்டீர்கள். உங்கள் உறவினரிடம் இந்த எண்களைக் காட்டுங்கள். நானும் தவறாக எண்ண இடமிருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

நடுப்பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை. பற்றரி ஒரே சீராக இறங்குவதில்லை, நடுவில் மணியும் இல்லை. ஆகவே அங்கே டேப்பின் பங்கு எவ்வளவு, குரலின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முயலாதீர்கள். ஒவ்வோர் அடியும் எங்கே வந்து இறங்குகிறதோ அதையே அந்த அடியின் ஆதார சட்ஜமாக (‘ஸ’) வைத்து, அங்கிருந்து மற்றச் சுரங்களை எண்ணி எழுதுங்கள். பிள்ளைகளுக்கு அது போதும்.


மஸ்கெலியா மகள்:

ஐயா சொன்னபடி எழுதினேன். முதல் ஆறு அடிகள் முடிந்துவிட்டன. வளைகோட்டைப் பார்த்து எழுதியபோது ஒன்று புரிந்தது: இரண்டாம் அடியில் அப்பாயி மேலே போகும்போது ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு, இறங்கும்போது அதைவிடச் சற்றுத் தாழ்ந்த இடத்தைத் தொடுகிறார். ஒவ்வொரு முறையும் அப்படியே செய்கிறார், பன்னிரண்டு முறை எண்ணினேன். பட்டைகளில் இரண்டும் ஒரே கட்டையாகத்தான் தெரிந்தன.

கடைசிப் பகுதியை 94.7இல் வைத்து நேற்றிரவு அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். குரல் சற்றே கனத்து, நடை சற்றே நிதானமாகி வந்தது. திரையில் பட்டை 57இல் இறங்கியது. அப்பா திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, “இதுதான் எங்கம்மா சத்தம்” என்றார்.